சாக்பீஸ் பொடி

இன்னும் கோடு தெரியவில்லை.

குஞ்சிதபாதம் குந்தி உட்கார்ந்து கோணிமேல் கிடந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டான்.

பழைய காரின் இடது முன்சக்கர ஆர்ம் அது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் கை. நேற்றிலிருந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் ஒட்டத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி பூசியிருந்தான்.

கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதில் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெளியே வரும். வெள்ளைமேல் கறுப்பாக ஒரு கோடு விழும். கால் மணி நேரம் போதும்.

சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். தட்டினால் சீக்கிரம் கசியும்.

வைத்திலிங்கம் சார் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் விரித்த தாளில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். மைன்ஸ் ஆபீசில் அவருக்கு டிராயிங் வேலை. ஒரு காண்ட்ராக்டர் இரும்பு விலைக்குக் கழித்துவிட்ட, மோதி நசுங்கிய காரை வாங்கி வைத்திருக்கிறார். அதன் அடிப்பாகங்களைக் கழற்றி, துரு சுரண்டி, சோதித்து, பெயிண்ட் அடித்து, அவற்றின்மேல் தாமே வரைந்த சின்னக் காரின் தகர உடம்பை ஏற்ற வேண்டும்.

குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் ஏழு மாதமாக இதுதான் நடக்கிறது. ஒரு ஞாயிறு தவறாமல் குஞ்சிதபாதம் வந்துவிடுவான். வரச்சொன்னவர் சார்தான்.

சுவரோரம் ஏழு உருப்படிகள் கறுப்புப் பெயிண்டில் பளபளத்தன. ஏழிலும் கோடு விழவில்லை. இது எட்டாவது. கடைசி.

பழுது என்றால் மெட்ராஸ் வரைக்கும் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது என்று சார் சொல்லியிருந்தார்.



"இரும்புக்கெல்லாம் பவுடர் போடறீங்க. கட்டினவளுக்கு ஒரு டப்பா வாங்கித் தரணும்னு தோணுதா?" என்று கேட்டுக்கொண்டே சாரின் மனைவி சந்திரகலா இரண்டு டம்ளர் காப்பியோடு வந்தாள்.

"விரிசல் இருக்கான்னு பார்க்கத்தான் பவுடர். உனக்கு எதுக்கு?"

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்லை." ஒரு டம்ளரைக் குஞ்சிதபாதத்தின் பக்கத்தில் வைத்தாள். "ஆறிடப் போகுது, குடிங்க."

அவள் உள்ளே போனாள். சார் மறுபடி தாளில் குனிந்தார்.

கால் மணி ஆகியும் வெள்ளை அப்படியே இருந்தது.

அவன் சுட்டுவிரல் நுனியில் மண்ணெண்ணெய்க் கறை இன்னும் ஈரமாக இருந்தது. நகத்தால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், கோடு விழுந்துவிடும்.

விரல் ஆர்மை நெருங்கிவிட்டது.

அவனுக்குக் கோடு வேண்டும். எட்டில் ஒன்றிலாவது வேண்டும். அதைத்தான் ஏழு மாதமாகக் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்தக் காரை, அது மோதிய அன்றைக்கு, ஓட்டியவன் அவன்தான்.

காடாம்புலியூர் தாண்டி வரும் முந்திரிக்காட்டு மேடு அவனுக்கு நினைவிருக்கிறது. புளியமரம் நினைவிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாலைதான் நினைவில் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வைத்திலிங்கம் சார். மரம் அவர் பக்கத்துக் கதவில்தான் மோதியது. இடது கால் முழங்காலோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் போலீஸ்காரர் கேட்டபோது சார் சொன்னது ஒன்றுதான். கீழே ஏதோ விட்டுப்போச்சு, வண்டி தானா இழுத்துகிட்டுப் போயிடுச்சு.

அந்த வார்த்தையில் அவன் லைசென்ஸ் தப்பியது. காண்ட்ராக்டரிடம் இருந்தவன் மைன்ஸில் டிரைவராகச் சேர்ந்து பர்மனென்ட் ஆனான். படுத்தால் தூக்கம் வருவதே அந்த வார்த்தையை நினைத்துத்தான். ஏதோ விட்டுப்போச்சு. நான் இல்லை.

ஏழு இரும்புகள், நாங்கள் விட்டுப்போகவில்லை என்று சொல்லிவிட்டன.

காப்பி கையருகே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாய் குடித்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும். அவன் வாய்விட்டுக் கேட்டதில்லை. முதல் வாரம் பாதியிலேயே வைத்துவிட்ட டம்ளரைப் பார்த்து, அடுத்த வாரத்திலிருந்து அந்த அம்மாள் தானாகவே கூடப் போடுகிறாள்.

விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"சார்."

சார் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"எதுவும் விட்டுப்போவலீங்க சார். எல்லா சாமானும் நல்லாத்தான் இருக்குது. நான்தாங்க... நான்தான் தூங்கிகினு ஓட்டியிருக்கேன்."

சொல்லிவிட்டான். இனி போலீஸ் வரும். வேலை போகும். பெண்டாட்டி கலியம்மாளும் பிள்ளைகளும் சொந்த ஊர் கம்மாபுரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏறிட்டுப் பார்க்கப் பயந்து தரையையே பார்த்தான்.

கட்டைகளை ஊன்றிக்கொண்டு சார் எழுந்துவரும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து நின்றார். ஆர்மை ஒருமுறை பார்த்தார். ஒரு கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தக் கையை அவன் தோளில் வைத்தார். விழாமலிருக்கப் பிடித்தாரா, வேறெதற்காகவா, தெரியவில்லை.

"நானும் தூங்கிகிட்டுத்தான் இருந்தேன், குஞ்சிதம். மரத்துல மோதினப்புறம்தான் முழிச்சேன்" என்றார். "பெயிண்டைக் கலக்கு. வெயில் இருக்கறப்பவே அடிச்சுடலாம்."