119ஆம் பக்கம்

ஜாஹிர் 119ஆம் பக்கத்தைச் சரக்கென்று கிழித்து லுங்கி மடியில் செருகிய அதே நொடியில், அடுப்படியிலிருந்து வந்தாள் அவன் மனைவி நசீரா.

"அரே மச்சான், மெயின்லேண்ட்லேர்ந்து போர்ட் பிளேருக்குக் கப்பல்ல வந்த புக்கு! தனியா சிரிச்சா எப்படி? சத்தமா வாசிங்க."

இருபது வருடமாக ஓடும் டிவி காமெடித் தொடரின் திரைமறைவுக் கதைகள் அது. தொடரில் செண்பகம் புருஷனைத் திட்டும்போதெல்லாம், "இப்படி ஒரு பஜாரியா!" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள் நசீரா. அவள் மட்டும் 119ஐப் படித்துவிட்டால் ஜாஹிருக்கு இந்த வீட்டில் சோறு கிடையாது.

ஆபத்து மடிக்குள் போய்விட்ட தெம்பில், 121ஐக் கணீரென்று வாசித்தான்.

"செண்பகத்தின் புருஷன் அசடு வழியும் காட்சிகள், ஒரு நேயர் தன் கணவரைப் பற்றி எழுதி அனுப்பியவை. வேடிக்கை என்னவென்றால், தன் மனைவியின் வசவுகளைச் செண்பகத்துக்காக வாராவாரம் எழுதி அனுப்பியவர் இருந்ததும் போர்ட் பிளேரில் அதே வீட்டில்தான்!"

நசீரா எட்டிப் புத்தகத்தை மூடினாள்.

"பஸ் கரோ, போதும் மச்சான்," என்றாள் நசீரா. "அந்தப் பக்கத்தையும் கிழிச்சு மடியில வச்சுக்குங்க."