பன்னிரண்டாம் நம்பர் கெஸ்ட்

"முதலாளியோட மச்சான் குடும்பத்தோட வந்துக்கிட்டிருக்காரு. கடலைப் பார்த்த ரூம் பன்னிரண்டு ஒண்ணுதான். அதை புக் பண்ணினவங்களைப் பின்பக்க ரூமுக்கு மாத்திவிடு!" என்று குதித்தார் ரிசார்ட் மேனேஜர்.

"முடியாது சார்" என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

ஒன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. மேனேஜருக்குச் சுள்ளென்று ஏறியது.

"அவங்களைக் கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டுட்டேன். மாறவே மாட்டாங்களாம்."

"வழக்கம்போல ஒரு பழக்கூடையைக் கொடுத்து மன்னிப்பு கேளேன்!"

"இவங்க அதுக்கெல்லாம் மசியமாட்டாங்க சார். இங்க எத்தனையோ பழக்கூடையைப் பார்த்தவங்க."

"அவ்வளவு பெரிய மகாராணியா? வரட்டும், நானே பேசிக்கிறேன். அப்புறம் இருக்கு உனக்கு!"

மணி இரண்டு அடித்தது. ஷிஃப்ட் மாற்ற அடுத்த பெண் வந்துவிட்டாள். இவள் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றி இழுப்பறையில் போட்டாள். மேசையைச் சுற்றி வெளியே வந்து, சோபாவில் பையோடு காத்திருந்த அம்மாவைக் கைபிடித்து எழுப்பினாள். மேசைக்கு முன்னால், கெஸ்ட்டுகள் நிற்கும் இடத்தில் வந்து நின்றாள்.

"பன்னிரண்டாம் நம்பர், என் பேர்லதான் இருக்கு. முழு வாடகையும் கட்டியாச்சு. சாவியைக் கொடும்மா" என்றாள் அடுத்த ஷிஃப்ட் பெண்ணிடம்.

பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"பேசணும்னீங்களே சார், பேசுங்க. ஆனா முதல்ல சிரிச்ச முகமா 'வணக்கம் மேடம்' சொல்லணும். ஒன்பது வருஷமா எனக்கு நீங்க அப்படித்தானே சொல்லிக் கொடுத்தீங்க?"