நார்மல் ரத்தம்

"மெஷின் பொய் சொல்லுது தம்பி" என்றாள் லேப் அக்கா. புது இயந்திரத்தின் திரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டரை என்றது.

பழுதுபார்க்க வந்தவன் வேறு நான்கு பேருடைய ரத்தத்தை வைத்துச் சோதித்தான். எல்லாம் பழைய ரிப்போர்ட்டுகளோடு இம்மி பிசகாமல் பொருந்தின.

"மெஷின் சரியாத்தான் இருக்குக்கா. இந்த ஒரு ரத்தம்தான் எகிறுது."

"எகிறாது!" அக்கா அன்றைய மூன்றாவது டீயில் பிஸ்கட்டை நனைத்தாள். "எந்தப் புது மெஷின் வந்தாலும் இந்த ரத்தத்தை வச்சுத்தான் சரிபார்ப்பேன். சுத்தமான நார்மல்."

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"போன மெஷின் வந்தப்போ. நாலு வருஷம் இருக்கும்."

அவன் மறுபடி ஓட்டினான். அதே எட்டரை.

அக்கா ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனாள். உணவு ஆலோசகி அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "சாப்பாட்டையே மாத்தணும். ஆளை வரச் சொல்லுங்கக்கா."

நோயாளி நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவே உட்கார்ந்தாள்.

"வந்தாச்சு. பிஸ்கட்டை இப்பவே நிறுத்தியாச்சு, மத்ததை நீ எழுது. மூணே மாசம்... அதே மெஷினை நார்மல்னு சொல்ல வைக்கிறேன்."