அடிபம்பு வாங்கிய பட்டங்கள்

அநியாயம் நடந்தது செம்புக்குத்தான். தினமும் காலையில் அது தன் வயிற்றுத் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அடிபம்பின் வாயில் ஊற்றும். அப்புறம்தான் பம்பில் நீர் ஏறும். புகழ் மட்டும் பம்புக்கு!

"அண்ணே, இந்தத் தெருவுக்கே ஆதாரம் நீங்க, மூலம் நீங்க, ஆணிவேரே நீங்கதான்!" என்று குடம் ஜால்ரா போட்டது.

பம்புக்குத் தலைகால் புரியவில்லை. "அப்புறம் இந்த நசுங்கின செம்புக்கு இங்கே என்ன வேலை? போ அந்தப் பக்கம்!" என்று விரட்டியது.

செம்பு விறுவிறுவென்று ஓரமாய்ப் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் பம்பு எவ்வளவு முக்கியும் வெறும் காற்றுதான் வந்தது. குடங்கள் முணுமுணுத்தன. "செம்பு, கொஞ்சம் ஊத்தும்மா! மானம் போகுது!" என்று பம்பு கெஞ்சியது.

"நான் எதுக்கண்ணே? நேத்து மூணு பட்டம் வாங்கினீங்களே, அதுல ஒண்ணை ஊத்திப் பாருங்க!"