உமாதேவியின் தையல் வருமானம்

"ஒரு ஜாக்கெட்டுக்குக் கூலி எம்புட்டுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அதை ஏன் எங்கிட்ட கேக்குதீங்க? ரிட்டர்ன்ல எழுதுனவியளக் கேளுங்க."

உமாதேவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். விஜயராஜுக்குத் தலை சுற்றியது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கே, அதாவது தொழிற்சாலைக்கே, முதலாளி அவர். ஒரு சத்தம் போட்டால் அங்கே அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். வீட்டிலோ ஒரே ஒரு கேள்விக்கு மனைவியிடம் பதில் வாங்க முடியாமல் திருதிருவென்று முழித்தார்.

மறுநாள் காலையில் வருமான வரி அதிகாரி முன்னால் உமாதேவி நேரில் போய் நிற்க வேண்டும். நோட்டீஸ் வந்துவிட்டது.

சங்கதி இதுதான். எட்டு வருஷமாக உமாதேவி பேரில் தனியாக வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் ஆகிறது. தொழில் என்ற இடத்தில் தையல் என்று இருக்கும். ஆடிட்டர் பூவனநாதன் நிரப்பிக்கொண்டு வருவார், அவள் கையெழுத்துப் போடுவாள். வரி கட்டத் தேவையில்லாத எல்லை எதுவோ, அதற்குச் சற்று முன்னால் அவளுடைய தையல் மெஷின் வருஷா வருஷம் தானாக நின்றுவிடும். வீட்டில் அப்படியொரு மெஷினே கிடையாது என்பது வேறு விஷயம். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குக்கு வராத பணத்தை இப்படித் தையல் பணமாக்கித்தான் போன வருஷம் அவள் பேரில் ஒரு வீட்டு மனை வாங்கியிருந்தார் விஜயராஜ். இதைச் செய்யாத முதலாளி ஊரில் யார் என்று அவர் நினைத்தார். மாட்டிக்கொண்டது மட்டும் அவர்.

"மதினி, கோவப்படாமக் கேளுங்க," என்றார் விஜயராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவனநாதன். "உங்களுக்குத் தையலே தெரியாதுன்னு ஆயிட்டா, மனை வாங்குன பணம் அம்புட்டும் அண்ணாச்சி வருமானத்தோட சேந்துரும். வரி, வட்டி, அபராதம்னு ஆபீஸை விக்கிற அளவுக்குப் போயிரும். நாலு கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும்."

"முதல் வருஷம் கையெழுத்துப் போடும்போதே நான் கேட்டேன். எழுதுறதுதான் எழுதுதீங்க, ஒரு மெஷினை வாங்கிக் குடுங்க, நெசமாவே தைக்கேன்னு கேட்டேன். இவிய என்ன சொன்னாவ தெரியுமா?"

விஜயராஜ் ஆடிட்டரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். என்ன சொன்னோம் என்பது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"முதலாளி பொண்டாட்டி ஊராளுக்குச் சட்டை தைக்குதான்னா நான் பஜார்ல எப்படி நடக்கன்னு கேட்டாவ. பேப்பர்ல தைச்சா கவுரவம், கையால தைச்சா கேவலமா?"

"ஏட்டி, அதெல்லாம் இப்ப எதுக்கு? நாளைக்கு என்ன சொல்லப் போற, அதைச் சொல்லு."

"உள்ளதைச் சொல்லுவேன். ஒரு வார்த்தை பொய் வராது."

"குடும்பத்தைத் தெருவுல நிறுத்திராத உமா."

"நிறுத்துனா நானும் உங்க கூடத்தான நிப்பேன்?"

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். பூவனநாதன் பெருமூச்சு விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார். விஜயராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பயந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள், வருமான வரி அலுவலகம். அதிகாரிக்கு எதிரே உமாதேவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆடிட்டர். பின்னால் பெஞ்சில் விஜயராஜ், மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்து வழிய.

அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம்மா. இந்த ஊரில் முதலாளி வீட்டுப் பெண்கள் எல்லாருமே தையல் தைப்பதாகத்தான் ரிட்டர்ன் வருது. இத்தனை பேர் தைக்கிற துணியை யார்தான் உடுத்துறாங்க?"

பூவனநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையமர்த்தினார்.

"அவங்க சொல்லட்டும். சொல்லுங்கம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"இதில் எழுதியிருக்கிற வருமானம் உண்மையா?"

"இல்ல சார். பொய்."

 மனை போயிற்று, ஆபீஸ் போயிற்று, மானமும் போயிற்று என்று விஜயராஜ் கண்ணை மூடிக்கொண்டார். ஆடிட்டர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"பயப்படாமச் சொல்லுங்க. தையலெல்லாம் சும்மா எழுதினதுதானே?"

"தையல் நெசம் சார், கணக்குதான் பொய்," என்றாள் உமாதேவி. "இவிய வேண்டாம்னு சொன்ன மறுநாளே வள்ளித்தாய் டெய்லர் கடையில சேந்துட்டேன். எட்டு வருஷமா, இவிய ஆபீஸுக்குப் போனதும் அங்கன பின்னால இருக்க ரூம்ல உக்காந்து தைக்கேன். அவகிட்டயே விசாரிங்க. இதுல எழுதியிருக்கதைப்போல ரெண்டு பங்கு சம்பாதிச்சு, போஸ்ட் ஆபீஸ்ல என் பேர்ல போட்டிருக்கேன். வரி எம்புட்டுன்னு சொல்லுங்க, என் காசுல நான் கட்டுதேன்."