சூசையப்பருக்கு முதல் இலை

"வேணாம்மா. வேற யாரையாவது பாருங்க."

மாதா கோவில் மதில் நிழலில் சாய்ந்திருந்த கலியமூர்த்தி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

சவரிமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலூர் முதுநகரில் பேரம் பேசியே காய்கறிக் கடையை நிலைநிறுத்தியவள் அவள். மார்க்கெட்டில் 'வேணாம்' என்றால், 'இன்னும் ஏத்து' என்று அர்த்தம்.

"வேட்டியோட துண்டும் தரேன், பெரியவரே."

"அதுக்கில்லம்மா..."

வெயிலில் அலைந்து அவளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. இன்று ஏசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் திருநாள். அவர்கள் பக்கத்தில் ஏழைப் பெரியவர் ஒருவரைச் சூசையப்பராக உட்கார வைத்து, பாதம் கழுவி, முதல் இலை போடுவார்கள். அவர் சாப்பிட்டுக் கை கழுவும் வரை வீட்டில் எல்லோரும் பட்டினி.

போன வருடம் சின்னவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது வேண்டிக்கொண்ட நேர்ச்சை இது. குறை வைக்க அவளுக்குப் பயம்.

முன்னெல்லாம் கோவில் வாசலில் பெரியவர்கள் வரிசையாக இருப்பார்கள். இப்போது ஆளே இல்லை. ஒருவரைக் கூப்பிட்டதற்கு, "எனக்குப் பென்ஷன் வருது. நான் ஏழையா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். மிஞ்சியது இவர்தான். அதுதான் இவ்வளவு கிராக்கி!

"நான் கலியமூர்த்திம்மா. உங்க சாமி பேருகூட என் வாயில நொழைய மாட்டேங்குது."

"பேரு கெடக்கட்டும். இன்னிக்கி நீங்கதான் சூசையப்பர். புதுச் செருப்பும் வாங்கித் தரேன். எம் புள்ளைங்க காலையிலேருந்து வாயில எதுவும் வக்கல. ஊட்டுக்காரரு சுகர் மாத்திரகூட போடாம சுருண்டு கெடக்குறாரு. இதுக்கு மேல ஏத்த மாட்டேன், ஆமா!"

கலியமூர்த்தி மதிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

'செருப்புன்னதும் எழுந்துட்டாரு பாரு' என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் கணவன் தைரியராஜ் தள்ளாடியபடி வந்து அவர் பாதத்தைக் கழுவினான். தவக்காலம், அதனால் கவுச்சி கிடையாது. சாம்பார், பூசணிக் கூட்டு, வாழைக்காய் வறுவல், வடை, பாயசம். பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து அவர் இலையையே பார்த்தார்கள்.

கலியமூர்த்தி ஒரு வாய் வைத்தார். வெகுநேரம் மென்றார். வடையை ஓரமாக ஒதுக்கினார்.

சவரிமேரியால் பொறுக்க முடியவில்லை.

"விடியறதுக்குள்ள எழுந்து சுட்ட வட. எங்க ஊட்டுச் சாப்பாடு அவ்ளோ எளக்காரமா?"

"சும்மா இரு மேரி. சூசையப்பரப் போயித் திட்டுறியே!" என்றான் தைரியராஜ்.

"சூசையப்பரு இவ்ளோ பிகு பண்ண மாட்டாரு! எலயில மிச்சம் வச்சா நேர்ச்ச நெறவாது பெரியவரே, சொல்லிட்டேன்."

கலியமூர்த்தி மறுபடி இலைப் பக்கம் குனிந்தார். வடையைப் பிட்டுத் தண்ணீரோடு விழுங்கினார். பாயசத்தையும் குடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இலையைத் துடைத்தாற்போல் முடித்துக் கை கழுவினார்.

அடுத்த நொடி பிள்ளைகள் சோற்றில் பாய்ந்தார்கள்.

அப்போது வாசலில் அடுத்த தெரு சகாய பிரியாவின் குரல்.

"தாத்தா, இங்கியா இருக்கீங்க? எங்க ஊட்ல இன்னும் யாரும் சாப்புடல..."

கலியமூர்த்தி கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார்.

"வரேன் தாயி."

சவரிமேரி கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "இன்னொரு ஊடா? காலையிலேருந்து எத்தினி ஊட்ல சாப்ட்டீங்க?"

"ஆறேழு இருக்கும்."

"யப்பா! அது வயிறா, நெல்லுக் குதிரா? பசிக்கு ஒரு அளவு வேணாம்?"

ஒவ்வொரு படியாக இறங்கியபடியே அவர் சொன்னார்:

"பசி மொத ஊட்லயே தீந்துபோச்சிம்மா. நான் கை கழுவுனாத்தான நீங்க புள்ளைங்களுக்குச் சோறு போடுறீங்க."