ஆடாதோடை இலையில் ஒரு கதை

தன் புத்தகங்களுக்கு ஒரு தீவிர வாசகர் இருப்பதாகக் காகம் சொல்லிவந்ததைத் தையல்சிட்டு பல வருடங்களாக நம்பவில்லை. சிட்டு தானே இலை பறித்து, தானே அலகால் கதை கீறி, தானே புத்தகமாகத் தைத்துக் காகத்திடம் கொடுத்தனுப்பும். குயில் அதைத் திறந்தே பார்க்காமல் "பிரமாதம்" என்று சொல்லும். அணில் கூட்டுக்குள் மெத்தையாக விரித்துக்கொள்ளும்.

"குன்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு இருக்கே தம்பி, அதுக்கு உன் புத்தகம்னா உயிரு. ஒரே மூச்சில் முடிச்சிட்டு அடுத்தது எப்போன்னு கேக்குது" என்றது காகம்.

"இலையைக் கொடுத்தா ஆடு முடிக்காம என்ன செய்யும்?" என்று சிட்டு எரிந்து விழுந்தது. தன் கதைகளிலேயே சிறந்ததை, ஆடுகள் வாய் வைக்காத ஆடாதோடை இலையில் எழுதி அனுப்பியது. உண்மையிலேயே படிக்கிற ஆடு என்றால் படித்துவிட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் அல்லவா?

காகம் திரும்பி வந்தது.

"முகத்தைச் சுளிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் மென்னு முடிச்சிடுச்சு தம்பி. 'இந்தத் தடவை கொஞ்சம் கசப்பு. போகட்டும், நம்ம எழுத்தாளராச்சே'ன்னு சொல்லுச்சு."

அடுத்த புத்தகத்துக்கு இலை பறிக்கக் கிளம்பிய சிட்டு திரும்பிப் பார்த்தது. பிறகு கேட்டது:

"காக்காண்ணே, அதுக்கு எந்த இலை பிடிக்கும்?"